முதல் வகை நீரிழிவுள்ள குழந்தையும் வீட்டு வழிபாடும்: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

என் மகளுக்கு முதல் வகை நீரிழிவு. இன்சுலின் வாங்க மருத்துவமனைக்கு வரும் தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்துப் பெற்றோர் பலர் எனக்குப் பழக்கம். ஊசி அளவைப் பற்றி மருத்துவரிடம் கேட்டுவிடுகிறார்கள். சாமி, நேர்த்திக்கடன், தீட்டு, மாமியார் சொன்ன சொல் இவற்றையெல்லாம் அவரிடம் கேட்கக் கூச்சப்பட்டு, வெளியே பெஞ்சில் உட்கார்ந்து என்னிடம் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை அவர்கள் கேட்டபடியே எழுதியிருக்கிறேன்.

நான் சைவக் குடும்பத்தில் பிறந்தவள். கிறிஸ்தவ, முஸ்லிம் தாய்மார் கேட்டவற்றுக்கு, அந்தந்த வழியில் விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டுத் தெளிந்த பிறகே பதில் எழுதினேன். ஊசி அளவைக் கூட்டுவது, குறைப்பது எல்லாவற்றிலும் உங்கள் மருத்துவர் சொல்வதுதான் முடிவு.

என் அப்பாவுக்கும் சர்க்கரை இருக்கிறது. அவருக்கு மாத்திரைதான். என் பிள்ளைக்கு மட்டும் ஏன் ஊசி?

இரண்டும் வேறு நோய்கள். உங்கள் அப்பாவின் உடலில் இன்சுலின் சுரக்கிறது. அது போதவில்லை, அல்லது சரியாக வேலை செய்யவில்லை. உங்கள் பிள்ளையின் உடலில் நோய் எதிர்ப்புச் சக்தி வழிதவறி, கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களையே அழித்துவிட்டது. அதனால் வெளியிலிருந்து இன்சுலின் கொடுத்தே ஆக வேண்டும். அது புரதம் என்பதால் மாத்திரையாக விழுங்கினால் வயிற்றிலேயே செரித்துப்போகும். ஊசியாகவோ பம்ப் வழியாகவோதான் செலுத்த முடியும்.

பாகற்காய்ச் சாறு, ஆவாரம்பூக் கஷாயம், நாட்டு மருந்து என்று பெரியவர்களின் சர்க்கரைக்குச் சொல்லப்படும் எதுவும் இந்த ஊசிக்கு ஈடாகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்வரும் பல பதில்கள் இதன் மேல்தான் நிற்கின்றன.

நாங்கள் என்ன பாவம் செய்தோம்? முன்ஜென்ம வினையா?

எல்லாத் தாய்மாரும் கேட்கும் கேள்வி இது. நான் அறிந்த மருத்துவம் சொல்வது: நீங்கள் கொடுத்த சாக்லேட்டால் வரவில்லை, கர்ப்பகாலத்தில் கிரகணம் பார்த்ததால் வரவில்லை, குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கத் தவறியதால் வரவில்லை. பிறவியில் வந்த ஒரு சாய்வும் வெளிச்சூழலில் ஏதோ ஒரு தூண்டுதலும் சேர்ந்து வருகிறது. எந்தப் பெற்றோராலும் இதைத் தடுத்திருக்க முடியாது.

வினையைப் பற்றி நம் முன்னோர் நிறையப் பேசியிருக்கிறார்கள். அதை நோயாளியின் முகத்துக்கு நேரே வீசுவதற்காகப் பேசவில்லை. சூலை நோயில் துடித்துக்கொண்டு வந்த தம்பியைத் திலகவதியார் 'சமணத்துக்குப் போனாயே, பட்டாயா?' என்று கேட்கவில்லை. திருநீறு கொடுத்துத் திருவதிகைக் கோயிலுக்கு அழைத்துப் போனார். அந்தத் தம்பிதான் பிறகு அப்பர் ஆனார். யோவான் நற்செய்தியிலும் பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் கண்ட சீடர்கள், பாவம் செய்தது இவரா இவருடைய பெற்றோரா என்று கேட்கிறார்கள். இருவருமே இல்லை என்பதுதான் இயேசுவின் பதில். உங்களிடம் பாவக்கணக்கு பேசும் உறவினருக்கு இந்த இரண்டில் எது பொருந்துமோ அதைச் சொல்லுங்கள்.

வைத்தீஸ்வரன் கோயிலுக்கும் கோயில்வெண்ணிக்கும் போனால் சர்க்கரை தீரும் என்கிறார்கள். போகலாமா?

தாராளமாகப் போங்கள். நாங்களும் போகிறோம். சீர்காழிக்கு அருகே வைத்தீஸ்வரன் கோயிலில் இறைவனுக்கே வைத்தியநாதர் என்று பெயர். அருகில் தையல்நாயகி கையில் தைலப் பாத்திரத்தோடு நிற்கிறாள். வைத்தியனுக்குத் துணையாக அம்மனே மருந்து ஏந்தி நிற்கும் கோயில் அது. அங்கே போய்விட்டு வந்து மருந்தை நிறுத்துவது அந்தச் சன்னிதிக்கே பொருந்தாது. அங்கே பிரசாத மருந்தாகத் தரும் திருச்சாந்துருண்டையை வாங்கி வாருங்கள், பக்தியோடு கொடுங்கள், ஊசியையும் நேரத்துக்குப் போடுங்கள்.

நீடாமங்கலம் அருகே உள்ள கோயில்வெண்ணியில் கரும்பேஸ்வரருக்கு ரவையும் சர்க்கரையும் கலந்து படைத்து, பிராகாரத்தில் தூவுவார்கள். எறும்புகள் அதைத் தின்னத் தின்ன நோய் குறையும் என்பது நம்பிக்கை. உங்கள் குழந்தை தன் கையால் எறும்புக்குச் சர்க்கரை போடட்டும். சர்க்கரை என்றாலே 'தொடாதே' என்று கேட்டுப் பழகிய பிள்ளைக்கு, அதை ஓர் உயிருக்கு உணவாகக் கொடுப்பதில் ஒரு மகிழ்ச்சி இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். ஒன்றே ஒன்று: 'இனிமேல் உனக்கு ஊசி கிடையாது' என்று அங்கே வைத்துக் குழந்தைக்கு வாக்குக் கொடுக்காதீர்கள்.

பூசை செய்த பிறகு ஊசி அளவு பாதியாகக் குறைந்துவிட்டது. நிறுத்திவிடலாமா?

வேண்டாம். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க முடியும் என்றால் இதைப் படியுங்கள்.

இன்சுலின் தொடங்கிச் சில வாரங்களிலோ மாதங்களிலோ, பல குழந்தைகளுக்குத் தேவை திடீரென்று குறையும். கணையத்தில் மிச்சம் இருக்கும் செல்கள் கொஞ்சம் ஓய்வு கிடைத்ததும் மீண்டும் சுரக்கின்றன. மருத்துவர்கள் இதைத் தேனிலவுக் காலம் என்கிறார்கள். சில மாதங்கள் நீடிக்கும். சிலருக்கு ஓராண்டையும் தாண்டும். பிறகு அந்தச் செல்களும் அழிந்து, தேவை ஏறிவிடும். இந்தத் தேனிலவுக் காலம் கோயிலுக்குப் போன குடும்பத்துக்கும் வரும், போகாத குடும்பத்துக்கும் வரும். நோய் தெரிந்தவுடன் நாம் எல்லோரும் கோயில் கோயிலாக ஓடுவதும் இதே மாதங்களில்தான். அதனால் இரண்டையும் முடிச்சுப் போட்டுவிடுகிறோம். மந்திரிப்பவர், லேகியம் விற்பவர், பிரசங்கம் செய்பவர் என்று பலருடைய 'சாட்சிகள்' இந்தக் காலத்தில் பிறந்தவைதான்.

குறைந்ததற்காகக் கடவுளுக்கு நன்றி சொல்லுங்கள். அது உங்கள் உரிமை. அளவை மருத்துவர் சொன்னபடி குறையுங்கள். முழுவதும் நிறுத்தினால், செல்கள் ஓய்ந்துபோன பின் ஓரிரு நாளிலேயே வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு, வாயில் பழவாடை என்று தொடங்கி மயக்கத்தில் முடியும். கீட்டோன் என்னும் அமிலம் இரத்தத்தில் ஏறுவதால் நேர்வது இது. உடனே மருத்துவமனைக்குப் போகாவிட்டால் உயிர் போய்விடும்.

ஊசியை நம்புகிறவள் கர்த்தரை நம்பவில்லை என்று ஜெபக்கூட்டத்தில் சொன்னார்கள். மனசு உறுத்துகிறது.

1922 ஜனவரியில் டொராண்டோவில் லெனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் போடப்பட்டது. அதற்கு முன் இந்த நோய் வந்த குழந்தைகள் சில மாதங்களிலோ ஓரிரு ஆண்டுகளிலோ இறந்துபோனார்கள். அந்தத் தாய்மார் ஜெபிக்காமலா இருந்திருப்பார்கள்? முழங்கால் தேயத் தேய ஜெபித்திருப்பார்கள். அவர்களுக்கு விசுவாசம் குறைவு என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

எங்களோடு பழகும் ஒரு தாய் வேளாங்கண்ணி மாதாவிடம் மிகுந்த பக்தி உள்ளவர். அவர் ஊசி போடுவதற்கு முன் சிலுவை அடையாளம் இட்டுக்கொள்கிறார். நற்செய்தி எழுதிய லூக்காவே வைத்தியர்தானே என்பார். உங்களை உறுத்தவைத்தவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: ஊசியை நிறுத்திப் பிள்ளைக்கு ஏதாவது ஆனால் இரவு இரண்டு மணிக்கு மருத்துவமனை வாசலில் எங்களோடு நிற்பீர்களா?

இன்சுலின் பன்றியிலிருந்தும் மாட்டிலிருந்தும் எடுப்பதாமே? நாங்கள் தொடவே மாட்டோம்.

அந்தக் காலத்தில் அப்படித்தான் எடுத்தார்கள். 1982 முதல் மனித இன்சுலினையே நுண்ணுயிர்கள் வழியாகத் தயாரிக்கும் முறை வந்துவிட்டது. மரபணுவைப் பாக்டீரியாவிலோ ஈஸ்ட்டிலோ சேர்த்து வளர்க்கிறார்கள். இப்போது நம் பிள்ளைகளுக்கு எழுதித் தருவது பொதுவாக இந்த வகைதான். சந்தேகம் இருந்தால் பெட்டியின் மேல் எழுதியிருப்பதை மருந்தாளுநரிடம் காட்டிக் கேளுங்கள். சைவக் குடும்பங்களும் முஸ்லிம் குடும்பங்களும் ஒரே மாதிரிப் பதறும் கேள்வி இது. பதிலும் இருவருக்கும் ஒன்றுதான்.

சஷ்டி விரதம், ரமலான் நோன்பு இதெல்லாம் குழந்தை இருக்கலாமா?

குழந்தைக்கு வேண்டாம். இன்சுலின் உடம்பில் இருக்கும்போது உணவு இல்லாவிட்டால் சர்க்கரை தாழ்ந்துவிடும். விரதத்துக்காக இன்சுலினைத் தவிர்த்தால் முன்பு சொன்ன கீட்டோன் ஆபத்து. இரண்டு பக்கமும் பள்ளம்.

வீட்டில் பெரியவர்கள் இருந்துகொள்ளட்டும். சமயபுரத்தில் மாசிக் கடைசி ஞாயிறு தொடங்கி 28 நாள், பக்தர்களுக்காக அம்மனே பச்சைப் பட்டினி விரதம் இருக்கிறாள். பிள்ளைகளுக்காகத் தாய் பட்டினி கிடக்கும் ஊரில், நோயுள்ள பிள்ளையைப் பட்டினி போடச் சொல்லும் தெய்வம் எது?

ரமலானைப் பொறுத்தவரை, நோயாளிக்கு நோன்பிலிருந்து குர்ஆனே விலக்கு அளிக்கிறது. பருவம் அடையாத பிள்ளைக்கு நோன்பு கடமையே இல்லை. ஆனாலும் அண்ணன் அக்கா நோற்கும்போது சின்னதுக்கு ஏக்கம் வரும். எங்களுக்குத் தெரிந்த ஒரு வீட்டில் விடியலுக்கு முன் சாப்பிடும் ஸஹருக்கு வீட்டுச் சின்னவனையும் எழுப்புகிறார்கள், மாலையில் நோன்பு திறக்கும் இஃப்தாரில் நோன்புக் கஞ்சியை எல்லோருக்கும் ஊற்றும் பொறுப்பு அவனுக்கு. வளர்ந்த பிள்ளை நோற்றே தீருவேன் என்றால், ரமலானுக்கு முன்பே மருத்துவரையும் உங்கள் ஆலிமையும் பார்த்துப் பேசுங்கள்.

பிரசாதம் இனிப்பாக இருந்தால் என்ன செய்வது? வேண்டாம் என்றால் குற்றமாகுமா?

வேண்டாம் என்று சொல்லவே தேவையில்லை. ஒரு சொட்டுப் பஞ்சாமிர்தம் நாக்கில் வைப்பதால் ஒன்றும் ஆகாது. தொன்னை நிறையச் சர்க்கரைப் பொங்கல் என்றால், சாப்பாட்டு நேரத்தில் கணக்கில் சேர்த்து அதற்குரிய ஊசியோடு கொடுக்கலாம். அந்தக் கணக்கை மருத்துவமனையில் சொல்லித் தருவார்கள்.

சர்க்கரை 70-க்குக் கீழே போனால் நிலைமை தலைகீழ். அப்போது இனிப்புதான் மருந்து. மூன்று தேக்கரண்டி குளுக்கோஸ் தூளைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்துவிட்டு 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். வரிசையில் நிற்கும்போது நேர்ந்தால் பூசை முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். நினைவு தப்பிய குழந்தைக்கு வாயில் எதையும் ஊற்றக் கூடாது, தீர்த்தமும் கூடாது. உடனே மருத்துவமனைக்குத் தூக்குங்கள்.

அம்மை போட்டிருக்கிறது. வீட்டில் ஊசி குத்தினால் ஆத்தாளுக்குக் கோபம் வரும் என்கிறார்கள்.

நம் பக்கத்தில் இது மிகப் பெரிய சிக்கல். அம்மை கண்ட வீட்டில் தாளிப்பு கிடையாது, மருந்து கிடையாது, ஊசி கிடையாது, வேப்பிலையும் இளநீரும்தான். மற்றக் குழந்தைகளுக்கு ஓரளவு ஓடிவிடும். நம் குழந்தைக்கு ஓடாது. காய்ச்சல் எதுவாக இருந்தாலும் இன்சுலின் தேவை பெரும்பாலும் கூடும். குழந்தை சாப்பிட மறுத்தாலும் இன்சுலினை முழுவதும் நிறுத்தவே கூடாது. இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை சர்க்கரை பாருங்கள், சிறுநீரில் கீட்டோன் பாருங்கள், மருத்துவரைத் தொலைபேசியில் பிடித்துவிடுங்கள். இளநீரிலும் சர்க்கரை உண்டு என்பதையும் நினைவில் வையுங்கள்.

மாமியாரிடம் நான் சொல்லிப் பார்த்துப் பலித்த வார்த்தை இது: "அத்தை, இந்த ஊசி அம்மைக்கு இல்லை. சோறு உடம்பில் சேர்வதற்கு. ஆத்தா சோறு போடாதே என்று சொல்வாளா?" மற்ற எல்லாவற்றையும் அவர் சொன்னபடியே செய்தோம்: வேப்பிலை செருகினோம், தலைக்குத் தண்ணீர் விடும் நாளில் மஞ்சளும் வேப்பிலையும் போட்டுக் குளிப்பாட்டினோம், மாவிளக்கு ஏற்றினோம். பெரியவர்களின் பயத்துக்கு இடம் கொடுத்தால் ஊசிக்கும் இடம் கொடுப்பார்கள். அம்மைக்குத் தடுப்பூசி இருக்கிறது. உங்கள் பிள்ளைக்குப் போட்டாயிற்றா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மாதவிலக்கு நாட்களில் நான் சமையலறைக்குள் போவதில்லை. மருந்து ஃபிரிட்ஜில் இருக்கிறது. என்ன செய்ய?

உபயோகத்தில் இருக்கும் இன்சுலினை ஃபிரிட்ஜில் வைக்க வேண்டிய அவசியமே இல்லை. வெயில் படாத குளிர்ந்த இடத்தில் சுமார் நான்கு வாரம் கெடாது. கோடையில் ஈரமண் பானைக்குள் வைக்கலாம். திறக்காத குப்பிகளுக்குத்தான் ஃபிரிட்ஜ். ஆகவே ஊசிப் பெட்டியை நிரந்தரமாக உங்கள் அறைக்கு மாற்றிவிடுங்கள். எங்கள் வீட்டில் தீட்டு விலக்கெல்லாம் மகளின் ஊசிக்கு முன்னால் செல்லாது என்று என் மாமனாரே சொல்லிவிட்டார். உங்கள் வீட்டிலும் அப்படிச் சொல்லக்கூடிய மூத்தவர் யார் என்று பாருங்கள்.

பழனிக்குப் பாதயாத்திரை அழைத்துப் போகலாமா?

நீண்ட தூரம் நடந்தால் சர்க்கரை இறங்கும். அன்று இரவு தூக்கத்திலும் இறங்கலாம். குழந்தை ஒரு சிறு பகுதி மட்டும் நடந்து, மீதியை வண்டியில் வரட்டும். காலில் செருப்போ ஷூவோ கட்டாயம். இன்சுலின் வெயிலில் வேகக் கூடாது, குளுக்கோஸ் உங்கள் இடுப்பிலேயே இருக்க வேண்டும், கூட வருபவர்களில் இருவருக்காவது விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

'உன் வழியில்தான் வந்தது' என்று மாமியார் சொல்கிறார். கணவரும் பேசாமல் இருக்கிறார்.

இந்த நோய் வந்த பெரும்பாலான குழந்தைகளின் குடும்பத்தில் அதற்கு முன் யாருக்கும் இது இருந்ததில்லை. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால்கூட, தாயைவிடத் தந்தை வழியில் வரும் வாய்ப்புத்தான் சற்று அதிகம். இதைச் சண்டைக்குப் பயன்படுத்தச் சொல்லவில்லை; உங்கள் மனத்தில் இருக்கும் முள்ளை எடுத்துப்போடச் சொல்கிறேன்.

கணவரின் மௌனம் எப்போதும் சம்மதம் இல்லை. பல அப்பாக்கள் ஊசியைப் பார்க்கவே பயப்படுகிறார்கள், அதைச் சொல்லவும் வெட்கப்படுகிறார்கள். இரவுச் சர்க்கரை பார்ப்பதை அவரிடம் விடுங்கள். முதல் நாட்களில் கை நடுங்கும். அருகில் உட்காருங்கள், பிடுங்கிச் செய்துவிடாதீர்கள். ஊசி போடக் கற்றுக்கொண்ட அப்பா தன் அம்மாவிடம் பேசவும் கற்றுக்கொள்வதைப் பல வீடுகளில் கண்டிருக்கிறேன். மாமியாரையும் மருத்துவமனைக்கு ஒருமுறை அழைத்து வாருங்கள். நாம் பத்துமுறை சொல்லி ஏறாதது அங்கே ஒரே தடவையில் ஏறும்.

எனக்குச் சாமி கும்பிடவே பிடிக்கவில்லை. விளக்கேற்றும்போது கோபம்தான் வருகிறது.

கோபப்படுங்கள். சுந்தரர் கண்பார்வை இழந்தபோது திருவாரூர் இறைவனிடம் கைகட்டி நிற்கவில்லை. நீர் மட்டும் நன்றாக வாழும் என்கிற தோரணையில் திட்டியே பாடினார். அதையும் தேவாரத்தில் சேர்த்து வைத்து இன்றும் ஓதுகிறோம். அவருக்கு உண்டான உரிமை உங்களுக்கும் உண்டு. கொஞ்ச நாள் விளக்கை வேறு யாராவது ஏற்றட்டும்.

ஆனால் கோபம் போய், எதிலுமே மனம் ஒட்டாமல், தூக்கமும் பசியும் கெட்டு, செத்துவிடலாமா என்ற எண்ணம் எட்டிப்பார்த்தால் அது பக்தி சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை. மனநல மருத்துவரைப் பாருங்கள். தமிழ்நாட்டில் 104 என்ற எண்ணில் எந்நேரமும் பேசலாம்.

மூத்தவன் 'எனக்கும் ஊசி போடு' என்று அழுகிறான். அவனுக்கும் வந்துவிடுமா?

வரும் வாய்ப்பு நூற்றில் ஐந்து அளவில்தான். அதிகத் தாகம், அடிக்கடி சிறுநீர், உடல் மெலிவு தெரிந்தால் உடனே பரிசோதியுங்கள். மற்றபடி தினமும் அவன் விரலையும் குத்த வேண்டாம். அவன் கேட்பது ஊசியை அல்ல, உங்களை. எல்லா அர்ச்சனையும் தங்கை பெயரிலும் நட்சத்திரத்திலும் நடப்பதை அவன் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறான். அவன் பெயருக்கும் ஓர் அர்ச்சனை செய்யுங்கள். தங்கை இல்லாமல் அவனை மட்டும் தேர் பார்க்க அழைத்துப் போங்கள்.

பெண் குழந்தை. வெளியே தெரிந்தால் நாளைக்கு யார் கட்டிக்கொள்வார்கள்?

மறைத்தால் இன்றைக்கே ஆபத்து. பள்ளியில் சர்க்கரை தாழ்ந்து தள்ளாடும்போது ஆசிரியருக்கு விஷயம் தெரியாவிட்டால் தூங்குகிறாள் என்று விட்டுவிடுவார். இந்த நோயோடு படித்து, வேலைக்குப் போய், மணம் முடித்து, மருத்துவக் கண்காணிப்பில் பிள்ளை பெற்ற பெண்கள் எத்தனையோ பேர். வரன் பேசும் காலத்தில் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். மறைத்துச் செய்த திருமணத்தில் அவள் ஒளிந்து ஊசி போட வேண்டிவரும். அதைவிட, ஊசியை மறைக்க வேண்டும் என்று ஆறு வயதில் அவளுக்குக் கற்றுக்கொடுத்தால், தன் உடம்பு வெட்கப்பட வேண்டியது என்பதையே கற்றுக்கொள்வாள். மஞ்சள் நீராட்டு விழா வைப்பதும் வைக்காததும் உங்கள் இஷ்டம்; அந்த வயதில் இன்சுலின் தேவை ஏறும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

'சாமி எனக்கு மட்டும் ஏன் இப்படிச் செய்தது?' என்று மகள் கேட்கிறாள். என்ன சொல்வது?

'நீ பலசாலி, அதனால்தான் சாமி உனக்குக் கொடுத்தது' என்று சொல்லாதீர்கள். பலசாலியாக இருந்ததற்குத் தண்டனையா என்று அடுத்து கேட்பாள். 'நன்றாக வேண்டிக்கொண்டால் சரியாகிவிடும்' என்பது அதைவிட மோசம்; சரியாகாதபோது தன் வேண்டுதலில்தான் குறை என்று நினைத்துக்கொள்வாள்.

நான் என் மகளிடம் சொன்னது: "தெரியவில்லை கண்ணு. எனக்கும் சாமியிடம் இதே கேள்விதான். ஆனால் இது உன் தப்பு இல்லை, யார் தப்பும் இல்லை." அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்படியென்றால் சாமிக்கும் தெரியாதா?" என்றாள். தெரியவில்லை என்றே மறுபடியும் சொன்னேன். குழந்தைகள் பொய்யான ஆறுதலைச் சட்டென்று கண்டுபிடிக்கிறார்கள். தெரியாது என்று சொல்லும் அம்மாவிடம் அடுத்த கேள்வியோடு மறுபடி வருகிறார்கள்.

'குணமானால் மொட்டை போடுகிறேன்' என்று வேண்டிக்கொண்டேன். குணமாகவில்லை. இப்போது கடன் இருக்கிறதா, இல்லையா?

இந்தக் கேள்விக்கு எங்கள் ஊர்ப் பூசாரி ஒருவர் சொன்ன பதிலை விடச் சிறந்தது எனக்குத் தெரியாது: வேண்டிக்கொண்டவர் யாரோ, கடன் அவருக்குத்தான், குழந்தையின் தலையில் ஏற்றாதே. அவள் பெயரில் நீங்கள் நேர்ந்திருந்தால் அதை உங்கள் மேல் மாற்றிக்கொள்ளலாம் என்றார். அலகு குத்துவது, தீமிதிப்பது போன்றவற்றைக் குழந்தைக்காக நேர்ந்திருந்தால் கட்டாயம் மாற்றுங்கள். புண் ஆறத் தாமதமாகும், தொற்று வந்தால் சர்க்கரை ஏறும்.

'குணமானால்' என்ற நிபந்தனையைப் பொறுத்தவரை, பலர் அதைத் திருத்தி வேண்டிக்கொள்கிறார்கள். பத்தாம் வகுப்பு முடிக்கட்டும், ஓர் ஆண்டு மருத்துவமனையில் படுக்காமல் இருக்கட்டும் என்று நடக்கக்கூடிய ஒன்றைக் கேட்கிறார்கள். நான் ஆண்டுக்கு ஒருமுறை வைத்தீஸ்வரன் கோயிலில் என் பெயரில் மாவிளக்கு போடுகிறேன். மகள் கூட வருகிறாள், குளக்கரையில் வெல்லம் கரைக்கிறாள், மதியச் சாப்பாட்டுக்கு முன் அங்கேயே திண்ணையில் உட்கார்ந்து சர்க்கரை பார்த்துக் கொண்டு தானே ஊசி போட்டுக்கொள்கிறாள்.